அப்பாவின் கார் அப்படியே இருக்கட்டும், குழந்தைகளுக்கு வேறு வண்டி பாருங்கள்

கேள்வி: அப்பா 1962-இல் வாங்கிய நான்கு கதவு கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பெயின்ட்கூடப் பெரிதாகப் போகவில்லை. எனக்கு ஆறு வயதில் மகள், ஒன்பது மாதத்தில் மகன். இந்தக் காரையே சரிசெய்து குடும்பத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. என் மனைவி, குழந்தைகளை அதில் ஏற்றவே மாட்டேன், மூன்று வரிசை சீட் உள்ள புது வண்டி வாங்கலாம் என்கிறாள். புது வண்டிகளின் கதவைக் கட்டைவிரலால் அழுத்தினாலே தகடு உள்ளே போகிறது. அப்பாவின் கார் பம்பரில் ஏறி நின்று குதித்தாலும் அசையாது. பெல்ட்டும் நல்ல பிரேக்கும் போட்டுவிட்டால் இது போதாதா? இல்லை, விற்றுத்தான் ஆக வேண்டுமா?

பதில்: தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். குழந்தைகள் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. காரை விற்க வேண்டாம் என்று நீங்கள் நினைப்பதும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை, நீங்கள் ஒரே வண்டியை வைத்து இரண்டு வேலை வாங்கப் பார்ப்பதால்தான் முரணாகத் தெரிகிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேலாகப் பழைய கார்களைப் பிரித்துச் சேர்ப்பவன், கூடவே புது வண்டிகளையும் தினம் லிஃப்டில் ஏற்றி இறக்குபவன். பழைய கார் மேல் எனக்குப் பாசம் உண்டு, அதை மறைக்கவில்லை. அந்தப் பாசத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கட்டைவிரல் சோதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அதைச் செய்து காட்டுகிறார்கள். விரலில் அமுங்குவது வண்டியின் மேல்தோல், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு அது, காற்றும் மழையும் உள்ளே வராமல் தடுப்பதற்கும் பார்க்க அழகாக இருப்பதற்கும் வைத்தது. உங்களைக் காப்பாற்றும் எஃகு அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. புது வண்டியின் கதவு உள்பேனலைக் கழற்றினால் குறுக்கே ஒரு தடித்த குழாயோ மடித்த கம்பியோ ஓடும், பக்கத்திலிருந்து மோதினால் கதவு உள்ளே வராமல் பிடிப்பதற்கு. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண் பல வண்டிகளில் போரான் கலந்த எஃகு, செந்தணலாகச் சூடாக்கி அச்சில் அழுத்தி அப்படியே குளிரவைத்துச் செய்தது. உங்கள் அப்பா காரில் இருக்கும் சாதாரண மென் எஃகைவிட அதன் வலிமை நான்கைந்து மடங்கு. விபத்தில் சிக்கியவர்களை மீட்கும் தீயணைப்பு வீரர்களின் பழைய கட்டர்கள் அந்தத் தூணை வெட்ட முடியாமல் திணறியதால், புதுக் கட்டர்களே வடிவமைக்க வேண்டிவந்தது. விரலில் தகடு அமுங்குகிறது என்று நீங்கள் சொல்லும் வண்டிக்குள் இருக்கும் எலும்பு அது.

சரி, பம்பரில் ஏறிக் குதித்தாலும் அசையாத விஷயத்துக்கு வருவோம். அசையாது, உண்மைதான். ஆனால் அசையாததுதான் பிரச்சினையே.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி சுவரில் மோதினால், வண்டியும் நிற்க வேண்டும், உள்ளே இருக்கும் உடம்பும் நிற்க வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறீர்கள் என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையில் இருக்கும் கணக்கு. முன்பகுதி நொறுங்கி 60 சென்டிமீட்டர் உள்ளே போனால், அந்த 60 சென்டிமீட்டரில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. உடம்பின் மேல் விழும் விசை சராசரியாக உடல் எடையைப்போல 16 மடங்கு. பெல்ட் போட்ட ஆரோக்கியமான ஆள் தாங்கிக்கொள்வார். அதே வண்டி விறைப்பாக நின்று 20 சென்டிமீட்டர் மட்டும் நசுங்கினால், அதே வேகம், அதே சுவர், விசை மட்டும் ஏறத்தாழ 50 மடங்கு ஆகிவிடுகிறது. வண்டி நசுங்காவிட்டால் அந்த அடி எங்கேயாவது போயாக வேண்டும் இல்லையா, அது உள்ளே இருப்பவரின் விலா எலும்புக்கும் கழுத்துக்கும் போகிறது.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் பேலா பாரெனி என்ற பொறியாளர், மெர்சிடிஸ்-பென்ஸ் கம்பெனியில் இருந்தவர். நடுவில் மனிதர்கள் உட்காரும் பெட்டி கெட்டியாக இருக்கட்டும், அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் பகுதி வேண்டுமென்றே நொறுங்கட்டும் என்று 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த யோசனை முழுதாக ஒரு காரில் வந்தது 1959-இல். அதே 1959-இல்தான் வால்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டும் காரில் வந்தது, இன்று நாம் தோளிலிருந்து இடுப்புக்கு இழுத்து மாட்டுகிறோமே, அதுதான். காப்புரிமையைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் எல்லாக் கம்பெனியும் போட்டுக்கொள்ளலாம் என்று வால்வோ திறந்துவிட்டது, அதற்காக இன்றைக்கும் அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றும் எனக்கு. உங்கள் அப்பா 1962-இல் வாங்கினார், அதாவது இந்த இரண்டும் வந்து மூன்று வருடம் கழித்து. ஆனால் பெரும்பாலான கார்களுக்கு இவை வந்து சேர இன்னும் பல வருடம் ஆனது. அமெரிக்காவிலேயே எல்லாப் புதுக் காரிலும் பெல்ட் கட்டாயம் என்று சட்டம் வந்தது 1968-இல்தான்.

கணக்கை நம்பாவிட்டாலும் கண்ணை நம்பலாம். அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம், தனது ஐம்பதாவது ஆண்டில், 2009-இல், ஒரு 1959 செவர்லே பெல் ஏரையும் ஒரு 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம், முகத்தோடு முகம் முழுதாக இல்லாமல் ஓட்டுநர் பக்கத்துப் பாதி மட்டும் முட்டுகிற மாதிரி. எடையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தப் படத்தை நீங்களும் மனைவியும் சேர்ந்து ஒருமுறை பாருங்கள். பெல் ஏரின் முன்பக்கம் நசுங்குவதோடு நிற்கவில்லை, ஓட்டுநர் உட்காரும் இடமே மடிகிறது, ஸ்டீயரிங் மேலேறி வந்து, ஓட்டுநர் இடத்தில் உட்காரவைத்த சோதனைப் பொம்மையின் முகத்தில் இடிக்கிறது, கதவு திறந்துகொள்கிறது. நிஜ ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கும் என்பது அவர்கள் சொன்ன முடிவு. மாலிபுவில் முன்பகுதி அப்பளமாக நொறுங்கியது, ஆனால் உள்பெட்டி அப்படியே நின்றது. ஓட்டுநருக்குக் காலில் கொஞ்சம் காயம் பட்டிருக்கும், அவ்வளவுதான்.

பழைய கார் துருப்பிடித்திருந்தது, அதனால்தான் அப்படி என்று வாதாடியவர்கள் உண்டு. எனக்கும் ஆரம்பத்தில் மனசு ஒப்பவில்லை, அந்தக் காரை நொறுக்கியதே வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்த வயதுக் கார்களின் தரையையும் தூண்களையும் நான் வெட்டி வெல்டிங் செய்திருக்கிறேன், உள்ளே எங்கே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கைக்குத் தெரியும். துரு இல்லாத கார் கொஞ்சம் மெதுவாக மடங்கியிருக்கும். மடங்காமல் நின்றிருக்காது.

இன்னொன்று, உங்கள் காரில் போய் உட்கார்ந்து, ஓட்டுநர் கண்ணால் பார்க்காமல், மோதினால் எங்கே போய் முட்டுவோம் என்ற கண்ணால் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டு அநேகமாக ஒரே நீளக் கம்பி, முன்சக்கரத்துப் பக்கம் இருக்கும் ஸ்டீயரிங் கியர்பெட்டியிலிருந்து நேராக நெஞ்சுக்கு வருகிறது. அடிபட்டால் மடங்கிச் சுருங்கும் தண்டு அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்ததே 1967 மாடலிலிருந்துதான். டேஷ்போர்டு வெறும் எஃகு, அதிலிருந்து குமிழ்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். சீட்டின் முதுகு தோள் உயரத்தோடு முடிந்துவிடும், தலைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, பின்னாலிருந்து ஒருவர் லேசாக இடித்தால்கூடக் கழுத்து பின்பக்கமாக ஒடிகிற மாதிரி சாயும். பின் கதவைக் குழந்தை உள்ளிருந்து கைப்பிடியை இழுத்தால் ஓடும்போதே திறக்கும், அதைத் தடுக்கும் குழந்தைப் பூட்டு அநேகமாக இருக்காது.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா, நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம் என்று கேட்காத அப்பா இல்லை. மேலே சொன்ன 16 மடங்குக் கணக்கையே வையுங்கள். ஒன்பது மாதக் குழந்தை 9 கிலோ இருந்தால் மோதும் அந்த நொடியில் 140 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதுவும் நன்றாக நொறுங்கிக்கொடுக்கும் புது வண்டியில். அந்த எடையைக் கையில் பிடித்து வைக்க எந்தத் தாயாலும் முடியாது, அன்பு குறைவு என்பதால் இல்லை, தசைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

இனி நீங்கள் கேட்டது, பெல்ட்டும் பிரேக்கும் போட்டால் போதாதா என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல எண்ணத்தில் ஆபத்தை வாங்கிவைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பெல்ட் போடலாம், போடத்தான் வேண்டும், நீங்கள் தனியாக ஓட்டினாலும். ஆனால் பெல்ட் நல்லதா என்பதைவிட அதன் போல்ட்டு எதில் இறங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம். தரைத் தகட்டில் ஒரு துளை போட்டு, கீழே சின்ன வாஷர் வைத்து நட்டை முடுக்கிய காரைப் பார்த்திருக்கிறேன். இழுவை வந்தால் காகிதத்தில் ஊசியை இழுத்தமாதிரி கிழித்துக்கொண்டு வந்துவிடும். சேசிஸோடு சேர்ந்த கனமான இடத்தில், பின்னால் அகலமான எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து அதில் மரை எடுக்க வேண்டும். தோள் பெல்ட்டின் மேல்முனைக்குத் தூண் வேண்டும், அந்தத் தூண் அதற்காகச் செய்யப்பட்டதில்லை, உள்ளே வலுவூட்ட வேண்டும். பின்சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும் போட்டால் உங்கள் மகளுக்கு உதவாது, ஏனென்றால் அவள் வயதுக்கான, உட்காரும் உயரத்தைக் கூட்டித்தரும் பூஸ்டர் இருக்கைக்குத் தோள் பெல்ட் கட்டாயம் வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் சின்ன உடம்பு அதன் மேல் மடிந்து வயிற்றுக்குள் காயமாகும். கைக்குழந்தை இருக்கையைச் சட்டென்று கொக்கியில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் முறை உலகத் தரமாக வந்தது 1999-இல். அதைப் பழைய சீட்டில் வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சோதித்துப் பார்க்காத வெல்டிங்கில் குழந்தையின் உயிரைத் தொங்கவிடக் கூடாது.

பிரேக்கைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். சில வருடம் முன் ஒருவர் தன் பழைய காரைப் பார்த்துப் பார்த்துச் சீர்செய்து எடுத்துக்கொண்டு வந்தார், பெயின்டில் முகம் பார்க்கலாம், வேறு ஓர் இடத்தில் பிரேக்கையும் "முழுதாகப் பார்த்துவிட்டார்கள்" என்றார். என் இடத்துக்குள் ஓட்டிவந்து நிறுத்தும்போது, நடை வேகம்தான், பிரேக் பெடல் ஒரு மெத்தையில் கால் வைத்தமாதிரி தரைவரை போய்விட்டது. கைபிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினார், இறங்கும்போது அவர் கை நடுங்கியது. குனிந்து பார்த்தால் முன் இடது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்து, டயரின் உள்பக்கம் முழுக்கப் பிரேக் ஆயில். புது லைனிங், புது வீல் சிலிண்டர் எல்லாம் போட்டவர்கள் கைவிரல் நீளமுள்ள அந்தப் பழைய ஹோஸை மாற்றவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் அவர் வேகமான பெருஞ்சாலையில் வந்தவர்.

புது வண்டியிலும் ஹோஸ் வெடிக்கலாம். வெடித்தால் பாதி பிரேக் போகும், மீதிப் பாதி நிற்கும், ஏனென்றால் உள்ளே இரண்டு தனித்தனிப் பாதை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல கார்களில், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான், ஒரே பாதை. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போச்சு. அதனால் நீங்கள் இந்தக் காரில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் அது இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டராக இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் காரில் அநேகமாக இருப்பது டிரம் பிரேக், சக்கரத்தோடு சுழலும் வட்டப் பெட்டியின் உள்சுவரில் லைனிங் அழுந்திப் பிடிக்கும் வகை, அதன் ஒரு குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி விரியும், விரிவது லைனிங்கை விட்டு விலகும் பக்கமாக, அதனால் பெடல் கீழே கீழே போகும், லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். உங்கள் அப்பா இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றி, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்கியிருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் முன்னால் போகிற வண்டியிலிருந்து நிறைய இடைவெளி விட்டே ஓட்டினார்கள், சாலையில் எல்லா வண்டியும் அதே தூரத்தில்தான் நின்றது என்பதால் அது நடந்தது. இன்று உங்களுக்கு முன்னால் போகிற வண்டி உங்களால் நிறுத்தவே முடியாத தூரத்தில் நின்றுவிடும். 1978-இல், அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் இன்றைய வகை மின்னணு ஏபிஎஸ் காரில் வந்தது, 1995-இல் சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தைப் பிடித்து வண்டியை நேராக்கும் அமைப்பு வந்தது, இப்போது தானாகவே பிரேக் போடும் வண்டிகளும் வந்துவிட்டன. இவை எதையும் உங்கள் காரில் உருப்படியாக ஒட்டவைக்க முடியாது. நொறுங்கும் முன்பகுதியையும் காற்றுப் பையையும்கூட அப்படித்தான். என்ன செலவு செய்தாலும் 1962 கார் நல்ல 1962 கார்தான் ஆகும்.

அப்படியானால் பழைய காரில் நல்லதே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. தூண்கள் மெலிதாக இருப்பதால் நாலா பக்கமும் கண்ணாடி, குறுக்கே வருகிற சைக்கிள்காரர் முழுதாகத் தெரிவார். புது வண்டியில் தூண் தடித்துப்போய் திருப்பத்தில் ஒரு ஆளையே மறைக்கிறது, இது புது வண்டிகளின் நிஜமான குறை, ஓட்டும்போது தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துப் பழக வேண்டும். பழைய கார் ஏதாவது கோளாறு என்றால் முன்கூட்டியே சொல்லும், ஒரு வாடை, ஒரு சத்தம், ஸ்டீயரிங்கில் ஒரு அதிர்வு. புது வண்டி ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும், கம்ப்யூட்டரைச் செருகினால்தான் பேசும். ஏசியின் வேகத்தை மாற்றக்கூடச் சாலையிலிருந்து கண்ணை எடுத்துத் தொடுதிரையைத் தடவ வேண்டியிருக்கும் வண்டிகளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, வாங்கும்போது அதைக் கவனியுங்கள். அப்புறம், பதினைந்து வருடம் கழித்து ஒரு மின்னணுப் பெட்டி கெட்டு, அது கிடைக்காமல் நல்ல வண்டி ஒன்று நின்றுபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்கள் காரில் அப்படி எதுவும் இல்லை, உடைந்த பாகத்தை லேத்தில் கடைந்தாவது போட்டுவிடலாம்.

புது வண்டி செய்வதற்கு ஆகும் இரும்பையும் எரிசக்தியையும் நினைத்து, பழையதையே ஓட்டுவதுதான் பூமிக்கு நல்லது என்று ஒரு பேச்சும் உண்டு. மாதம் இரண்டு தடவை ஓட்டினால் அது சரிதான். தினமும் ஓட்டினால் இல்லை. இன்றைய பெட்ரோல் வண்டியின் புகைப்பாதையில் இருக்கும் வினையூக்கி கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றிலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சுத்தம் செய்துவிடுகிறது, உங்கள் காரில் அது இல்லை, கார்புரேட்டர் கலந்து கொடுத்தது எரிந்தது போக மிச்சமெல்லாம் வெளியே. பின்சீட்டில் உட்கார்ந்தால் லேசாகப் பெட்ரோல் வாடை வருமே, நமக்கு அது அப்பாவின் வாசனை, கைக்குழந்தையின் நுரையீரலுக்கு அது நல்லதில்லை.

குடும்ப வண்டியைப் பற்றி. மூன்று வரிசை உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு நல்ல இரண்டு வரிசை வண்டி தாராளம். பாட்டி தாத்தா அடிக்கடி கூட வருவார்கள் என்றால் மட்டும் மூன்றாவது வரிசை. அப்படி வாங்கினால் கடைசி வரிசையில் நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்கள், பின் கதவுக் கண்ணாடிக்கும் உங்கள் தலைக்கும் எவ்வளவு இடைவெளி, ஜன்னலோரம் திரைபோல விரியும் காற்றுப் பை அந்த வரிசைவரை வருகிறதா, தலைச்சாய்வு தலை உயரத்துக்கு எழும்புகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் கடைசி வரிசைதான் அக்கறை குறைவாகச் செய்யப்பட்ட இடம், குழந்தைகளை அங்கே போடாதீர்கள். அவர்களுக்கு நடு வரிசை. மோதல் சோதனை மதிப்பெண் பார்க்கும்போது நட்சத்திரத்தோடு சோதித்த வருடத்தையும் பாருங்கள், சோதனை சில வருடத்துக்கு ஒருமுறை கடினமாகிக்கொண்டே வருகிறது. வாங்குமுன் உங்கள் குழந்தை இருக்கைகள் இரண்டையும் எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மகனைப் பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கையில், எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் வையுங்கள், அந்த இருக்கையைக் காற்றுப் பை இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்க வேண்டாம், பை விரியும்போது அந்த அடி நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் விழும். கையிருப்பு போதவில்லை என்றால் ஐந்தாறு வருடப் பழைய வண்டியாகப் பாருங்கள், அதுவும் உங்கள் பிள்ளைகளுக்கு அப்பா காரைவிடப் பல மடங்கு பாதுகாப்பு.

இனி அப்பாவின் கார். அதை ஓட்டுங்கள், நிறுத்தி மட்டும் வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம், இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை. நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பது கெடுதல், உள்ளே உண்டாகும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருவாகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் சாமான், டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 வரை இறங்கலாம், அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸ்களும் பிரேக் ஹோஸ்களும் பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் இப்போதே புதிதாக மாற்றுங்கள், இன்றைய பெட்ரோலில் எத்தனால் இருந்தால் பழைய ரப்பர் அதில் ஊறி மெத்துப்போகும், சூடான இன்ஜின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் போதும். உங்கள் கார் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. அந்த ஈயம்தான் வால்வு உட்காரும் விளிம்பைத் தேயாமல் காத்தது, இப்போது உலகில் எங்குமே காருக்கு அந்தப் பெட்ரோல் இல்லை, 2021-இல் கடைசி நாடும் நிறுத்திவிட்டது. மெதுவாக ஓட்டினால் பெரிய தேய்மானம் வராது. என்றைக்காவது சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிவந்தால் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். முக்கியமான எச்சரிக்கை ஒன்று: பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்து அந்தத் தூசியை யாரும் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், குழந்தைகள் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது.

பிள்ளைகளை ஒருநாளும் அதில் ஏற்றக் கூடாதா என்று உங்களுக்கு வலிக்கும், தெரிகிறது. மகள் 145, 150 சென்டிமீட்டர் உயரம் வரும்போது பெரியவர்களின் பெல்ட் அவள் தோளெலும்பிலும் இடுப்பெலும்பிலும் சரியாக உட்காரும். அதற்குள் நீங்கள் பெல்ட்டையும் மாஸ்டர் சிலிண்டரையும் முறையாக முடித்திருந்தால், அதிகாலையில், வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில், நிதானமான வேகத்தில் அவளைக் கூட்டிப்போங்கள். அதுவரை அவளுக்கு பானட்டுக்குக் கீழே வேலை இருக்கிறது. சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்துகொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடும் பாயின்ட் என்ற சின்ன முனைகள் முழுதாகத் திறந்து நிற்கும் இடத்துக்கு இன்ஜினைச் சுழற்றிவைத்து, இடைவெளி அளக்கும் 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் தகட்டை அவள் கையில் கொடுத்து நடுவில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் (உங்கள் காருக்கு என்ன அளவு என்று கையேட்டில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்). லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கக் கூடாது, சிக்கவும் கூடாது. ஆறு வயது விரலுக்கு அந்த உரசல் நன்றாகத் தெரியும், என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவும் அந்தப் பாயின்டை எத்தனையோ தடவை இப்படித்தான் சரிபார்த்திருப்பார்.

இன்றைக்குச் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். காரின் நான்கு டயரிலும், டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியிலும் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். 2314 என்று இருந்தால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தின டயர். பூ தேயாமல் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், பத்து வருடம் தாண்டியது எதுவாக இருந்தாலும் அதை மாற்றும்வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். ஐந்து எண்களையும் குறித்து எனக்கு எழுதுங்கள், கூடவே மாஸ்டர் சிலிண்டரை மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதற்கு ஒரு அறையா இரண்டு அறையா என்று பார்த்துச் சொல்கிறேன்.